எண்ணூர்ச் சேற்றை வைத்துச் சூழலியல் படிக்க முடியுமா?

திருவொற்றியூரிலிருந்து விலங்கியல் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாடப்புத்தகத்தில் சூழல் மண்டலம் என்றால் புல், மான், புலி என்று படம் போட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் காடும் இல்லை, புலியும் இல்லை. இருப்பது எண்ணூர்க் கழிமுகம். அதுவும் செத்துப்போச்சு என்கிறார்கள். செத்துப்போனால் அது சூழல் மண்டலம் ஆகுமா? அதை வைத்து இந்தப் பாடத்தைப் புரிந்துகொள்ள முடியுமா? சின்னதாக ஒரு புராஜெக்ட் செய்ய வழி உண்டா?"

தாராளமாக முடியும். புலியை வைத்துப் படிப்பதைவிட எண்ணூர்ச் சேற்றை வைத்துப் படித்தால் இந்தப் பாடம் நன்றாகவே புரியும் என்பது என் கருத்து. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் அந்த "செத்துப்போச்சு". எண்ணூரில் இன்றைக்கும் தண்ணீரில் வெயில் விழுகிறது, பாசி வளர்கிறது, பாக்டீரியா வேலை செய்கிறது, ஒன்றை ஒன்று தின்கிறது. ஆகவே இயக்கம் நிற்கவில்லை. அந்த இயக்கத்தின் பலன் இறாலாகவும் நண்டாகவும் மடவையாகவும் வந்து வலையில் சேருகிற பாதைதான் அடைபட்டுக்கொண்டே வருகிறது. இந்தப் பதில் முழுக்க அந்தப் பாதையைப் பற்றியதுதான்.

ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் 1935ல் சூழல் மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தார். உயிர்களைத் தனியாகவும், அவை வாழும் மண், நீர், காற்று, வெப்பத்தைத் தனியாகவும் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, இரண்டும் சேர்ந்துதான் ஓர் அமைப்பு என்பது அவர் வாதம். எண்ணூரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொசஸ்தலை ஆறு கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரம் வழியாக ஏறி இறங்கும் கடல்நீர், பக்கிங்காம் கால்வாய், சேறு, சேற்றில் ஊறிய உப்பு, கரையோர அலையாத்தி மரங்கள், அவற்றின் காலடியில் வளை தோண்டும் நண்டு எல்லாம் இதில் அடக்கம். காட்டுக்குப்பத்திலிருந்து படகு எடுத்துப் போகிறவரும், அனல் மின் நிலையத்திலிருந்து வெளிவரும் சுடுநீரும்கூட அமைப்புக்கு உள்ளேதான். எல்லைக்கோடு நம் வசதிக்காகப் போட்டுக்கொள்வது. எண்ணூரின் நீர் உப்பங்கழிகள் வழியாகப் பழவேற்காட்டோடு சேர்கிறது. மேலே கொசஸ்தலையின் பூண்டி நீர்த்தேக்கத்தில் தண்ணீரை நிறுத்தினால் கீழே எண்ணூரில் உப்பு கூடுகிறது.

இந்த அமைப்புக்குள் இரண்டு விஷயங்கள் நகர்கின்றன. ஒன்று ஆற்றல், இன்னொன்று பொருள். ஆற்றல் சூரியனிலிருந்து வந்து, ஒவ்வொரு உயிரிலும் கொஞ்சம் செலவாகி, கடைசியில் வெப்பமாக வெளியேறிவிடும். திரும்பி வராது. நைட்ரஜன், பாஸ்பரஸ், கார்பன் போன்ற பொருள்கள் அப்படிப் போய்விடுவதில்லை. நீரிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து மீனுக்கு, மீன் செத்தால் சேற்றுக்கு, சேற்றிலிருந்து மறுபடி நீருக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். தேர்வுக்கு எழுத இந்த நான்கு வரி போதும். ஆனால் இது கழிமுகத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் சுவையான பகுதி.

ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர், மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை வைத்துக்கொண்டு, எந்தப் படிநிலையிலிருந்து எந்தப் படிநிலைக்கு எவ்வளவு ஆற்றல் போகிறது என்று கணக்குப் போட்டார். 27 வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோனார். அந்தக் கணக்கைச் சொல்லும் கட்டுரை அவர் மறைந்த அதே 1942ல், மறைவுக்குப் பிறகு வெளிவந்தது. உங்கள் புத்தகத்தில் இருக்கும் 10 சதவீத விதி அந்த வேலையின் வழியில் வந்ததுதான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். இது தோராயம். இடத்துக்கு இடம் கூடும், குறையும்.

காசிமேட்டில் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரம் மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களைத் தின்று வளர்வது. அந்த ஒரு கிலோ உடம்பு சேர ஏறத்தாழ 10 கிலோ சின்ன மீன் வேண்டும். அந்த 10 கிலோவுக்கு 100 கிலோ விலங்கு மிதவை உயிரிகள். அதற்கு 1000 கிலோ தாவர மிதவை உயிரிகள். இப்போது எண்ணூரில் பிடித்த மடவைக்கு வாருங்கள். மடவை சேற்றின் மேல் படிந்த நுண்பாசியையும் மட்கிய துகளையும் நேரடியாக உறிஞ்சித் தின்னும் மீன். ஒரு கிலோ மடவைக்கு ஏறத்தாழ 10 கிலோ அடிமட்ட உணவு போதும். இறால் இரண்டுக்கும் நடுவில். சேற்றுத் துகள், சின்னப் புழு, நுண்ணிய ஓடுடைய உயிர் என்று கலந்து தின்னும்.

ஒரு குறுகிய கழிமுகம் எப்படி இத்தனை குப்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது என்று யோசித்தால், பெரிய காரணங்களில் ஒன்று இதுதான். இங்கே பிடிபடுவது சங்கிலியின் உச்சியில் இருக்கும் மீன் கிடையாது, அடிப்படியை ஒட்டி வாழும் உயிர்கள். ஆற்றல் அதிகம் சிந்தாமல் சீக்கிரமே வலைக்கு வந்துவிடுகிறது. புலியை உதாரணமாகப் போடும் புத்தகத்தில் இது தெரியாமல் போய்விடுகிறது.

சரி, அந்த அடிப்படி உணவு எங்கிருந்து வருகிறது? புல்லை மான் தின்பது போல யாரும் பச்சையாக வந்து மேய்வதில்லை. எண்ணூர்ப் பக்கம் இருக்கும் அலையாத்தி மரத்தின் இலை தடிப்பானது, உப்பு நிறைந்தது. இலையின் சுரப்பிகள் வழியாக அந்த மரம் உப்பை வெளியேற்றும். வெயில் நேரத்தில் இலையின் மேல் உப்புப் பொடியாகப் பூத்திருப்பதை நக்கிப் பார்த்தாலே தெரியும். பச்சை இலையில் பூச்சி, நண்டு கடிப்பது கொஞ்சம்தான். பெரும்பங்கு பழுத்து விழுகிறது. விழுந்த பிறகுதான் அது உணவாக மாறத் தொடங்குகிறது.

விழுந்த இலையில் கார்பன் நிறைய, நைட்ரஜன் கொஞ்சம். அப்படியே தின்றால் சத்து போதாது. அதன் மேல் பாக்டீரியாவும் பூஞ்சையும் படரும். அவை சுற்றியுள்ள நீரிலிருந்து நைட்ரஜனை இழுத்துத் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்வதால், அந்த மக்கிய துணுக்கு நாளாக நாளாகச் சத்துள்ளதாகிறது. நண்டு இலையை வளைக்குள் இழுத்துப்போய்க் கிழிக்கிறது. சேற்றுப்புழு துணுக்கை விழுங்கி, அதன் மேலிருந்த நுண்ணுயிரைச் செரித்துவிட்டு, நாரைக் கழிக்கிறது. கழித்த நார் மேல் மறுபடி பாக்டீரியா படரும். அதை இன்னொரு உயிர் தின்னும். இப்படி ஓர் இலை பல வாய்களில் நுழைந்து வெளிவருகிறது. இதைத்தான் மட்குப்பொருள் உணவுச் சங்கிலி என்கிறோம். பாடத்தில் சிதைப்பவை என்று கடைசியில் ஒரு பெட்டிக்குள் போட்டு முடித்துவிடுவார்கள். கழிமுகத்திலோ அவைதான் முதல் வரிசையில் நிற்கின்றன. இந்த ஓர் இடத்தில் மட்டும் உங்கள் புத்தகப் படத்தை நீங்களே மாற்றி வரைந்து பாருங்கள்.

அப்புறம் அந்தக் கறுப்புச் சேறு. எண்ணூர்ப் பாலத்தைக் கடக்கும்போது வரும் நாற்றம் முழுவதும் சாக்கடையால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சாக்கடையும் கலக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆரோக்கியமான அலையாத்திச் சேறும் அழுகிய முட்டை மாதிரி நாறத்தான் செய்யும். நீர் ஊறிய சேற்றில் மேலே சில மில்லிமீட்டருக்குத்தான் ஆக்சிஜன் இறங்கும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அதுதான் அந்த நாற்றம். சேற்றிலுள்ள இரும்போடு அது சேர்ந்தால் கறுப்பு. இப்படிப்பட்ட சேற்றில் வேருக்கு மூச்சு முட்டும் என்பதால்தான் அலையாத்தி மரம் பென்சில் நட்டுவைத்தது போல மூச்சுவேர்களை மேலே அனுப்புகிறது.

அந்தச் சேற்றில் நண்டு தோண்டும் வளைகளைக் கவனியுங்கள். ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் தண்ணீர் வற்றும் நேரத்தில் நூற்றுக்கணக்கில் வெளியே வரும். அவற்றின் வளை வழியாக ஆக்சிஜன் உள்ள நீர் சேற்றின் உள்ளே போகிறது. ஆக்சிஜன் உள்ள இடமும் இல்லாத இடமும் அருகருகே அமைகின்றன. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இருக்கக் கூடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வேலை சங்கிலியாக நடக்கும். நண்டு இல்லாத சேறும் நண்டு இருக்கும் சேறும் வேதியியல் அளவிலேயே வேறு வேறு. நகரத்தின் கழிவுநீரில் ஒரு பங்கை இந்தச் சேறு காசு வாங்காமல் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. அதன் சக்திக்கும் ஓர் அளவு உண்டு.

அளவு மீறினால் நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கழிவுநீரின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடும்போது பாசி பெருகும், பாசி செத்து மக்கும்போது பாக்டீரியா ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கொள்ளும், மீன் திணறும். இதில் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். கடல்நீரில் அதைவிடக் குறைவு, சுமார் 6. தண்ணீர் இன்னும் சூடானால் இன்னும் குறையும். அதே சூட்டில் மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை கூடும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் அங்கே இருக்க முடியாது. சுடுநீர் வந்து விழும் இடத்தில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு மூன்று டிகிரிதானே என்று சொல்வது ஏன் சரியாகாது என்று இதிலிருந்து புரியும்.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இறாலின் வாழ்க்கை முழுவதும் உப்பின் ஏற்ற இறக்கத்தோடு பின்னிக் கிடக்கிறது. வெள்ளை இறாலும் வரி இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் பல உருமாற்றங்களைக் கடந்து இரண்டு மூன்று வாரத்தில் ஓதத்தோடு முகத்துவாரத்துக்குள் நுழைகின்றன. உள்ளே உப்புக் குறைந்த, உணவு நிறைந்த, பெரிய மீன்கள் எளிதில் வர முடியாத ஆழமில்லாத சேற்றில் சில மாதம் வளர்கின்றன. பிறகு இனப்பெருக்கத்துக்குக் கடலுக்குத் திரும்புகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகி வரும்போது உப்பு சரிகிறது, கோடையில் ஏறுகிறது. முகத்துவாரத்தை மணல் மூடினால் குஞ்சு உள்ளே வராது, வளர்ந்தது வெளியே போகாது. 1944ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு கொசஸ்தலையின் நன்னீரில் பெரும்பங்கு சென்னையின் குடிநீராகப் போகிறது. அது நமக்குத் தேவைதான். ஆனால் கழிமுகத்துக்கு நன்னீர் எப்போது, எவ்வளவு வரும் என்பது அதோடு மாறிப்போனது.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் காசிமேட்டில் நிற்கின்றன, மீன் இனம் பெருகட்டும் என்று. நல்ல ஏற்பாடு. கடலில் பிறந்த குஞ்சு வளர வேண்டிய இடம் கழிமுகம். அதை ஆண்டு முழுவதும் கெடுத்துக்கொண்டு கடலில் மட்டும் இரண்டு மாதம் தடை போட்டால், பாதி வேலையைத்தான் செய்கிறோம்.

இப்போது அடைப்புகளுக்கு வருவோம். அனல் மின் நிலையங்களிலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கம் உள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்களில் கசிவு ஏற்பட்டு ஆண்டுக்கணக்கில் சாம்பல் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. சாம்பலில் உள்ள உலோகங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பேசவும் வேண்டும், அவை உயிர்களின் உடம்பில் சேரக்கூடியவை. ஆனால் எனக்கு அதற்கு இணையாகக் கவலை தருவது சாம்பலின் சாதாரணமான ஒரு குணம். அது மிக நுண்ணிய கனிமப் பொடி, அதில் உணவு என்று எதுவும் கிடையாது. இலைத் துணுக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து உருவான மேல்படலத்தை அது மூடிவிடுகிறது. ஆழத்தைக் குறைக்கிறது, வளைகளை அடைக்கிறது. மேலே சொன்ன மொத்த வேலையும் நடக்கும் இடம் அந்தச் சில அங்குலச் சேறுதான்.

எண்ணெயும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள்ளேயே வந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய இறகோடு நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராதது மூச்சுவேர். அதன் மேலிருக்கும் நுண்துளைகளை எண்ணெய் அடைத்தால் மரத்துக்கு மூச்சு முட்டும். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மிக மெதுவாகத்தான் சிதையும்.

கடைசியாகக் காக்கா ஆழி. உங்கள் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு சின்னக் கறுப்புச் சிப்பி அது. கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டியோ, அவை நிலைப்புக்காக ஏற்றிவரும் நீரிலோ இப்படிப்பட்ட உயிர்கள் துறைமுகங்களுக்கு வந்து சேர்கின்றன. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் சேற்றின் மேல் கம்பளமாகப் படர்ந்துவிடும். எண்ணூரில் பரவி, பழவேற்காடு வரைக்கும் போய்விட்டது. அது மூடிய இடத்தில் இறால் சேற்றில் புதைய முடியாது, மேய முடியாது. மஞ்சள் மட்டிக்கும் இடம் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பறி எனும் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு இது நேரடி அடி. அடிச்சேறு மெத்தென்று இருக்கிறதா, மணலாகிவிட்டதா, சாம்பல் படிந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அந்தக் கைகளை இப்போது சிப்பியின் ஓடு கிழிக்கிறது.

இந்தச் சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் தின்கிறது. அதில் மிதக்கும் பாசியையும் துகளையும் எடுத்துக்கொள்கிறது. அதாவது ஆற்றல் இன்னமும் உள்ளே வருகிறது, பிடிக்கப்படுகிறது. ஆனால் போய்ச் சேரும் இடம் ஊரில் பெரிதாக யாரும் வாங்கித் தின்னாத, இங்குள்ள எதிரிகளால் கட்டுப்படுத்த முடியாத ஓர் உயிர். செத்துப்போச்சு என்ற சொல் ஏன் பொருந்தாது என்று முதலில் சொன்னேனே, அது இதனால்தான். எடை போட்டுப் பார்த்தால் சிப்பிக் கம்பளத்தில் உயிர்ப்பொருள் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கலாம்.

ராபர்ட் பெயின் என்பவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் 1960களில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து பிடுங்கி எறிந்துகொண்டே வந்தார். அந்த நட்சத்திர மீன் சிப்பியைத் தின்பது. அது போனதும் சிப்பிகள் பாறையை ஆக்கிரமித்தன, அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. ஆதார இனம், அதாவது தான் போனால் மொத்த அமைப்பையே மாற்றிவிடும் இனம், என்ற கருத்தை அவர் 1969ல் இதிலிருந்துதான் வகுத்தார். எண்ணூரில் நடந்தது வேறு வழி. இங்கே வேட்டையாடும் உயிர் விலகவில்லை, தன்னை வேட்டையாட ஆள் இல்லாத புது ஆள் உள்ளே வந்தான். ஆனால் போட்டி ஒன்றுதான்: இடம். உணவுக்கு மட்டுமல்ல, நிற்க ஓர் அடி இடத்துக்கும் உயிர்கள் போட்டியிடுகின்றன என்பதைப் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை.

இது திரும்புமா என்று அடுத்து கேட்பீர்கள். அலையாத்திக்கு ஓதநீர் வந்து போகும் சரியான மட்டத்தில் சேறு கிடைத்தால் விதை மிதந்து வந்து தானே முளைக்கும். சாம்பலையும் சிப்பியையும் அகற்றி, நீரோட்டம் திறந்திருந்தால் புழுவும் நண்டும் பக்கத்துச் சேற்றிலிருந்து வந்து குடியேறும். அதற்குப் பக்கத்தில் நல்ல சேறு மிச்சம் இருக்க வேண்டும். மரம் நடும் விழாவைவிட மிச்சம் இருக்கும் நல்ல பகுதியைக் காப்பாற்றுவதும், கழிவையும் கசிவையும் நிறுத்துவதும் முதலில் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புராஜெக்டுக்கு இப்படிச் செய்யுங்கள். இரண்டு இடம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று சிப்பி மூடியது, ஒன்று திறந்த சேறு. பிவிசி குழாயில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. சதுரம் ஒன்று செய்து, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து தடவை கண்ணை மூடிக்கொண்டு வீசி, விழுந்த சதுரத்துக்குள் இருக்கும் சிப்பி, நண்டு வளை எல்லாவற்றையும் எண்ணுங்கள். 16ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான கணக்கு. அதே சதுரத்திலிருந்து ஒரே அளவு சேற்றை எடுத்து 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கும் புழுக்களையும் சின்ன உயிர்களையும் எண்ணுங்கள். உப்புத்தன்மையை அளக்க உங்கள் கல்லூரித் துறையில் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும், நீரில் கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறை என்ற வேதிச் சோதனையால் ஆய்வகத்தில் பார்த்துவிடலாம். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை செய்தால் இன்னும் நல்லது. ஓத நேரத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையத்தின் தளத்தில் பார்த்துவிட்டு, தண்ணீர் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். துறைமுகம், மின் நிலையச் சுவர் ஓரம் வேண்டாம், அனுமதி கிடைக்காது. குப்பத்தில் தொழில் செய்யும் ஓர் அண்ணனையோ அக்காவையோ கேட்டுக்கொண்டு அவர்களோடு இறங்குங்கள். எந்த இடத்தில் எப்போது என்ன கிடைத்தது என்று அவர்கள் சொல்வதையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் தரவுதான். செருப்போடு இறங்காதீர்கள், சேறு இழுத்துவிடும். அடி தடித்த, கட்டிய ஷூ வேண்டும், சிப்பி ஓடு காலைக் கிழித்துவிடும்.